டிரைவர் வீட்டுத் தூக்குப்போசி

மாதையன் சாப்பிடுகிற அழகைப் பார்த்துத்தான் கோவிந்தம்மாளுக்கு அவர்மேல் முதன்முதலில் பிரியம் வந்தது. கல்யாணமான புதிதில் அவளுடைய அம்மா வீட்டுக்கு விருந்துக்குப் போயிருந்தார்கள். களியும் கோழிக்குழம்பும் போட்டாள் அம்மா. களியைப் பிட்டுக் குழம்பில் புரட்டி விழுங்கிக்கொண்டே, "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க அத்தை" என்று கூச்சமில்லாமல் கேட்டார். கேட்டு வாங்கிச் சாப்பிடுகிற மாப்பிள்ளை கிடைத்ததில் அம்மாவுக்கும் ஏகப்பட்ட சந்தோஷம்.

மாதையன் அரூரிலிருந்து சேலத்துக்குப் போகும் தனியார் பஸ் ஒன்றை ஓட்டினார். மஞ்சவாடிக் கணவாய் ஏறுவதற்கு முன்னால் ரோட்டோரம் ஒரு ஹோட்டலில் வண்டி நிற்கும். பஸ் நிறைய ஆட்களைக் கொண்டுவந்து இறக்குகிற டிரைவருக்கு அங்கே ராஜ உபசாரம். தனி மேஜை, பெரிய இலை, கறிக்குழம்பு, வறுவல், முட்டை, கடைசியில் ஒரு துண்டு மைசூர்பாகு. காசு கேட்க மாட்டார்கள். பத்து வருஷத்துக்கு மேல் அவருடைய மத்தியானச் சாப்பாடு அங்கேதான் நடந்தது. தொப்பை ஸ்டியரிங்கைத் தொட்டது. அதிலும் அவருக்கு ஒரு பெருமை இருந்தது.

தருமபுரி தனி ஜில்லா ஆவதற்குக் கொஞ்சம் முன்னால் அவருக்குத் தாகம் எடுக்க ஆரம்பித்தது. சொம்பு சொம்பாகத் தண்ணீர் குடித்தார். எத்தனை தின்றாலும் உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஒருநாள் காலையில் கொல்லைப்புறம் போன கோவிந்தம்மாள், அவர் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு சாரை சாரையாக மொய்த்திருப்பதைக் கண்டாள். பக்கத்து வீட்டுக்காரியிடம் சொன்னபோது, "எதுக்கும் தர்மபுரிக்கு இட்டுக்கினு போ" என்றாள் அவள்.

தருமபுரி டாக்டர் கண்ணாடிக் குழாயில் நீலத் தண்ணீரை விட்டு, அதில் மாதையனின் சிறுநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்து விளக்கில் காய்ச்சினார். நீலம் பச்சையானது, மஞ்சளானது, கடைசியில் சுட்ட செங்கல் நிறத்தில் வந்து நின்றது.

"சர்க்கரை வியாதி. மாத்திரை எழுதித் தர்றேன்" என்றவர், கோவிந்தம்மாள் பக்கம் திரும்பினார். "அதவிட முக்கியம் சாப்பாடும்மா. சோத்தப் பாதியாக் கொறச்சிடு. இனிப்பு கூடாது. பொரிச்சது, கொழுப்புக் கறி வேண்டாம். காய், கீரை, பயறு நெறையப் போடு. நேரத்துக்குச் சாப்பிடணும்."

"கடையில சாப்பிடலாங்களா?" என்று கேட்டாள் அவள்.

"கூடாது. வீட்டுச் சாப்பாடுதான்."

திரும்பி அரூர் வந்து இறங்கியதும் மாதையன், "இத யாருகிட்டயும் மூச்சு விடாத" என்றார். "எங்கக்காகிட்டக்கூடச் சொல்லிராத. டிரைவருக்கு வியாதின்னு மொதலாளி காதுல விழுந்தா, மறுநா சாவிய வேறொருத்தன் கையில குடுத்துருவாரு. எனக்கு ஸ்டியரிங்க விட்டா என்ன தெரியும்?"

அவள் தலையாட்டினாள்.

கோவிந்தம்மாளும் வேலைக்குப் போகிறவள். கடைவீதிக்குப் பின்னாலிருந்த புளி மண்டியில் ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டுகிற வேலை. விடிந்ததும் போக வேண்டும். ஒரே மகள் சின்னம்மாளைக் கம்பைநல்லூரில் கட்டிக்கொடுத்துவிட்டாள். வீட்டில் கைக்கு உதவி கிடையாது. ஆகவே இந்தப் புதுச் சமையலுக்கு அவளுக்குக் கிடைத்தது ஒரு கட்டை விறகு எரிந்து முடிகிற நேரம்தான். அதற்குள் முடிகிற மாதிரி அவளே ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்தாள்.

சாமையை முன்கூட்டியே வாசம் வர வறுத்து டப்பாவில் போட்டு வைத்தால் சட்டென்று வேகும். அதனுடன் ஒரு கை பாசிப்பருப்பு, சின்ன வெங்காயம், பூண்டு. எல்லாம் குழைந்து வரும்போது முருங்கைக்கீரையையோ பண்ணைக்கீரையையோ அள்ளிப்போட்டு ஒரு கொதியில் இறக்கினால் கீரை பச்சை மாறாது. தாளிக்க ஒரே ஒரு சிறு கரண்டி எண்ணெய். அந்தச் சட்டியின் மேலேயே ஓட்டை போட்ட ஒரு தட்டை வைத்து, அவரையோ பீர்க்கங்காயோ நறுக்கிப்போட்டு மூடிவிட்டால் கீழே சாமை வேகிற ஆவியில் மேலே காய் வெந்துவிடும். தனி அடுப்பு வேண்டாம், தனி எண்ணெயும் வேண்டாம். கொள்ளுப் பயற்றை முந்தின நாளே ஊறவைத்துத் துணியில் முடிந்து உத்தரத்தில் தொங்கவிட்டாள். முளை கட்டியதும் கொஞ்சம் எடுத்து வேகவைத்து, பயற்றைச் சுண்டலாக்கி, வெந்த தண்ணீரை மிளகு சீரகம் தட்டிப்போட்டு ரசமாக்கினாள். ராத்திரிக்கு அரிசி சேர்க்காத கேழ்வரகுக் களி, அதுவும் முன்னே போட்டதில் பாதி அளவுதான். வெண்ணெய் எடுத்த மோரில் வெள்ளரிக்காய் நறுக்கிப் போட்டு முதலில் ஒரு டம்ளர் குடிக்கக் கொடுத்தால் வயிறு கொஞ்சம் அடங்கும் என்று பார்த்து வைத்திருந்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு, மூடியும் கைப்பிடியும் வைத்த ஒரு தூக்குப்போசி வாங்கினாள். அடியில் சாமைக்கூட்டு, மேல்தட்டில் காய். மண்டியிலிருந்து மத்தியான இடைவேளையில் ஓட்டமும் நடையுமாக வீட்டுக்கு வந்து, சுடச்சுட ஆக்கி எடுத்துக்கொண்டு சேலம் ரோடு திரும்புகிற முனையில் போய் நிற்பாள். அங்கே வண்டி மெதுவாகும். கண்டக்டர் சலாவுதீன் படியிலிருந்து குனிந்து போசியை வாங்கிக்கொள்வார். கடைவீதியில் பாத்திர வியாபாரம் செய்கிற குடும்பத்துப் பிள்ளை அவர். மெலிந்த ஆள், அதிகம் பேசமாட்டார்.

"பத்திரம் பாய், கொதிக்குது" என்பாள்.

"சரிங்கக்கா" என்பார். வண்டி போய்விடும்.

சாயங்காலம் போசி கழுவி சுத்தமாகத் திரும்பி வரும். அதைத் திறந்து பார்க்கிறபோது அவளுக்கு அன்றைய அலுப்பே போய்விடும். "எப்பிடிங்க இருந்துச்சு?" என்று கேட்டால், "ம், இருந்துச்சு" என்பார் மாதையன். அதற்குமேல் அவரும் சொன்னதில்லை, அவளும் கேட்டதில்லை.

ஒரு வருஷம் இப்படியே போனது. தருமபுரிக்குப் போகிற ஒவ்வொரு தடவையும் கண்ணாடிக் குழாயில் அதே செங்கல் நிறம்தான் வந்தது.

"என்னம்மா போடற?" என்று டாக்டர் கேட்டார். அவள் ஒன்றுவிடாமல் சொன்னாள். "எல்லாஞ் சரியாத்தான் இருக்கு" என்று அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

தப்பு தன் கையில்தான் என்று அவள் முடிவு கட்டிவிட்டாள். சாமையையும் குறைத்தாள். எண்ணெயை அடியோடு விட்டாள். வெங்காயத்தில் இனிப்பு இருக்குமோ என்று அதையும் நிறுத்திப் பார்த்தாள். பார்க்கிறவர்கள் கேட்கிற அளவுக்கு மாதையன் இளைத்தார். ராத்திரியில் எதிரே வருகிற வண்டி வெளிச்சம் சிதறித் தெரிகிறது என்று ஒருநாள் வாய் தவறிச் சொன்னார்.

அந்த மாசி மாதம் மண்டிக்காரர் கணவாய் அடிவாரத்தில் புளியமரங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்தார். காய் பொறுக்கப் பெண்களை லாரியில் ஏற்றி அனுப்பினார். அன்றைக்கு விடியுமுன்னே சமைத்து, போசியைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் கொடுத்து, முனையில் போய்க் கொடுத்துவிடச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள் கோவிந்தம்மாள். மத்தியானம் தண்ணீர் பிடிக்க லாரி அந்த ஹோட்டலுக்கு எதிரே நின்றது. அவளுடைய வீட்டுக்காரரின் பஸ்ஸும் நின்றுகொண்டிருந்தது. போசி வந்து சேர்ந்ததா என்று பார்க்கலாம் என்று ரோட்டைக் கடந்து போனாள்.

பஸ்ஸின் பின்படியில் சலாவுதீன் உட்கார்ந்திருந்தார். மடியில் அவளுடைய தூக்குப்போசி. சாமைக்கூட்டை வழித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் வாய்க்குப் போன கை அப்படியே நின்றது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க" என்று எழுந்து நின்றார். "அண்ணன் இதத் தொடறதில்லீங்க. கீழ கொட்டச் சொல்லுச்சு. நீங்க ஓடி வந்து குடுக்கறதப் பாக்கறேன் இல்லீங்களா, கொட்ட மனசு வரல."

"எப்ப இருந்துங்க பாய்?"

"மொத நாள்ல இருந்தேங்க" என்றார்.

ஹோட்டல் ஜன்னல் வழியாக மாதையனைப் பார்த்தாள். இலை நிறையச் சோறு. யாரோ சொன்னதற்குச் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றிக்கொண்டிருந்தார். அவளுடைய அம்மா வீட்டில் சாப்பிட்டாரே, அதே மாதிரி சாப்பிட்டார். உள்ளே போய்க் கையைப் பிடித்து நிறுத்தலாம். நாலு பேர் முன்னால் என்ன சொல்வது? எதைச் சொன்னாலும் வியாதி வெளியே வந்துவிடும். பேசாமல் திரும்பி லாரியில் ஏறிக்கொண்டாள். அன்று பூரா அவள் பொறுக்கிய கூடையில் பாதி சருகுதான் இருந்தது.

சாயங்காலம் கழுவிய போசியைக் கையில் வாங்கியபோது, "நானும் அங்கதாங்க இருந்தேன்" என்றாள்.

மாதையன் கட்டிலில் உட்கார்ந்தார். "அங்க எல்லாரும் எல போட்டுத் திங்கறப்ப, நான் மட்டும் மூலையில தழையும் பயறும் வெச்சுக்கினு உக்காந்தா, ஏன் எதுக்குன்னு கேக்க மாட்டாங்களா?" என்றார். "மொத நா தொறந்தேன். ஓட்டல்காரன் எட்டிப் பாத்துட்டு, 'என்ன டிரைவரே, மாட்டுக்குக் கட்டுனத மாத்திக் குடுத்துட்டாங்களா'ன்னான். அத்தன பேருஞ் சிரிச்சாங்க. அப்பறம் தொறக்கல."

"உங்க உசுருங்க."

"தெரியுது புள்ள."

மறுநாள் அவள் என்ன செய்வாள்? மறுபடி அடுப்பு மூட்டினாள், மறுபடி முனையில் போய் நின்றாள். சலாவுதீனிடம், "எப்பிடியாவது ஒரு வாய் திங்க வைங்க பாய்" என்று கெஞ்சினாள். அவரும் பார்க்காத வழியில்லை. ஹோட்டல் வருவதற்கு முன்னாலேயே வண்டி நிற்கிற இடத்தில் திறந்து நீட்டிப் பார்த்தார். சில நாள் மாதையன் இரண்டு வாய் வாங்கிக்கொள்வார். ஹோட்டல் வாசலில் இறங்கியதும் இலை தயாராக இருக்கும்.

காலையும் ராத்திரியும் வீட்டில் அவள் போட்டதைச் சாப்பிட்டார். அதில் குறை வைக்கவில்லை. கொஞ்ச காலம் குழாயில் செங்கல் நிறம் மஞ்சளுக்கு இறங்கியதுகூட உண்டு. அதற்குள் மாரண்டஹள்ளியில் அவருடைய அக்கா காசியம்மாளின் பேத்திக்குக் காதுகுத்து வந்தது. காசியம்மாள் தம்பியைப் பார்த்ததும் கண்கலங்கிவிட்டாள்.

"எந்தம்பி எப்பிடி இருந்தவன். தழையுந் தவுடும் போட்டு எலும்புந் தோலுமா ஆக்கிப்புட்டயே" என்று பந்தியில் எல்லோரும் கேட்கக் கோவிந்தம்மாளைச் சொன்னாள். வெல்லப் பூரணம் வைத்த ஒப்புட்டைச் சுடச்சுடக் கொண்டுவந்து இலையில் போட்டு, மேலே நெய்யை ஊற்றினாள். ஒன்று, இன்னொன்று, மறுபடி ஒன்று.

"போதுங்க அண்ணி" என்றாள் கோவிந்தம்மாள்.

"எந்தம்பிக்கு நான் போடறேன். உனக்கென்ன வந்துச்சு?"

மாதையன் தலையைத் தூக்கி மனைவியை ஒரு பார்வை பார்த்தார். சொல்லிவிடாதே என்று அந்தப் பார்வை கேட்டது. அப்புறம் குனிந்து சாப்பிட்டார். அவள் கையில் இருந்த தண்ணீர்ச் சொம்போடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள்.

கண் பார்வை மங்கிக்கொண்டே வந்தது. கணவாயில் மழை இறங்கினால் சலாவுதீன் முன்னால் வந்து நின்றுகொண்டு, "அண்ணே, வளைவு" "அண்ணே, மாட்டுவண்டி" என்று சொல்லிக்கொண்டே வருவாராம். இதைச் சலாவுதீனே அவளிடம் சொன்னார். சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார். வண்டி நிறைய ஜனங்களை வைத்துக்கொண்டு கணவாய் இறங்குகிற மனுஷனை நினைத்து, முதலாளியிடம் தானே போய்ச் சொல்லிவிடுவது என்று ஒருநாள் புறப்பட்டாள். பஸ் கம்பெனி ஆபீஸ் வாசல்வரை போனாள். உள்ளே மாதையனின் சிரிப்புச் சத்தம் கேட்டது. முதலாளியும் கூடச் சிரித்துக்கொண்டிருந்தார். வேப்பமரத்தடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வந்துவிட்டாள். சொன்னாலும் பாவம், சொல்லாவிட்டாலும் பாவம் என்கிற நிலைமையில் அவள் எதையும் செய்யவில்லை. நல்லவேளை, அந்த வண்டியில் யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

ஆனது மாதையனுக்குத்தான். எழுபத்தொன்றாம் வருஷத்துக் கோடை. டிரைவர் சீட்டுப் பக்கத்தில் இன்ஜின் மூடி நெருப்பாகக் கொதிக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டுவது அவருக்குப் பழக்கம். வீட்டுக்கு வந்து கால் கழுவும்போது, இடது பாதத்தின் ஓரம் முழுக்கத் தோல் வெந்து வெள்ளையாக உப்பியிருப்பதைக் கோவிந்தம்மாள் பார்த்தாள்.

"என்னங்க இது? சுடலீங்களா?"

அவர் குனிந்து பார்த்தார். விரலால் அழுத்தினார். "ஒண்ணுந் தெரியலையே" என்றார். அவர் முகத்தில் பயத்தை அன்றைக்குத்தான் அவள் முதலில் கண்டாள்.

மஞ்சள் வைத்துக் கட்டினார்கள். களிம்பு போட்டார்கள். அவர் துணியைச் சுற்றிக்கொண்டு வண்டிக்குப் போனார். புண் கறுத்து, வாடை வர ஆரம்பித்த பிறகுதான் சேலம் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஒத்துக்கொண்டார். முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அதன்பிறகு மாதையனுக்கு ஹோட்டலும் இல்லை, வியாதியை ஒளித்து வைக்க வேண்டிய அவசியமும் இல்லை. கட்டிலில் உட்கார்ந்து அவள் போட்டதைச் சாப்பிட்டார். முளைகட்டிய கொள்ளு, சாமைக்கூட்டு, ஆவியில் வெந்த காய். அவள் மண்டிக்குப் போயிருக்கும்போது கீரையை மடியில் போட்டுக் கிள்ளி வைத்தார். ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே, "நல்லாத்தான் இருக்குது" என்றார். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

சில மாதத்தில் குழாயில் பச்சை நிறம் வந்தது; பிறகு நீலம் நீலமாகவே நின்றது. தருமபுரி டாக்டர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "இது மொதல்லயே..." என்று ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டார்.

அது நீடிக்கவில்லை. அடுத்த வருஷம் மாதையனுக்கு முகம் உப்பியது. இருந்த காலும் வீங்கியது. சேலத்துக்குக் கொண்டுபோனதில், சிறுநீரகம் கெட்டுவிட்டது என்றார்கள். அங்கிருந்த டாக்டர் சாப்பாட்டைப் பற்றிக் கேட்டார். கோவிந்தம்மாள் வழக்கம்போல ஒன்றுவிடாமல் சொன்னாள்.

"அதெல்லாம் இனிமே ஆகாதும்மா. பருப்பு, பயறு வேண்டாம். கீரை கூடாது. உப்பு கூடவே கூடாது. கேழ்வரகும் வேண்டாம்."

இத்தனை வருஷம் தன் கைக்குப் படிந்ததெல்லாம் ஒரு பேச்சில் போய்விட்டது. "அப்ப என்னதாங்க போடறது?"

டாக்டர் கொஞ்சம் தணிந்த குரலில், "அரிசிக் கஞ்சி குடும்மா. அவரு எதக் கேக்கறாரோ அதக் கொஞ்சம் குடு" என்றார்.

எதைக் கேட்டாலும் கொடு என்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை.

வீட்டில் உப்பில்லாத கஞ்சியை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். "என்ன வேணும்னு சொல்லுங்க, செஞ்சு தர்றேன்" என்று கேட்டாள். மாதையனுக்கு எதுவும் வேண்டியிருக்கவில்லை. வாழ்நாள் பூரா பசித்த வயிறு பசியை விட்டுவிட்டது.

"கோவிந்தி" என்றார். "தெனமும் அந்தக் கடை வாசல்ல எறங்கறப்ப, இன்னிக்கி ஒரு நா சாப்பிட்டுக்கறேன், நாளைக்கி இருந்து போசியத் தொறந்துர்றேன்னு நெனப்பேன். நெசமாத்தான் நெனப்பேன்."

"செரி, அத வுடுங்க" என்றாள். நாலு ஸ்பூன் கஞ்சி இறங்கியது. மீதியை வைத்துவிட்டாள்.

எழுபத்து நாலில், ஆடி பிறப்பதற்கு முன்னால் அவர் போய்விட்டார். காசியம்மாள் வந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதாள். கோவிந்தம்மாள்மேல் அவளுக்கு இருந்த கோபம் கடைசிவரை தீரவில்லை. வியாதி எப்போதிருந்து என்று சொல்லிப் புரியவைக்கக் கோவிந்தம்மாளும் முனையவில்லை. சலாவுதீன் பாடைக்கு முன்னால் நடந்தார். அவர் அதே தடத்தில் இன்னும் பல வருஷம் வேலை பார்த்தார். முனையில் வண்டி திரும்பும்போது அவளைக் கண்டால் கையைத் தூக்குவார்.

அவள் மண்டி வேலையை விடவில்லை. ஒரு ஆளுக்கு ஆக்குவது சுலபம். ஒரு கை சாமை, ஒரு கை கீரை. அதுதான் கைக்கு வந்தது, அதையே செய்தாள்.

ஒருநாள் மண்டியில் பக்கத்தில் உட்கார்ந்து புளி தட்டுகிற ஜான் பீ மெதுவாக நகர்ந்து வந்தாள். அவளுடைய வீட்டுக்காரருக்குச் சர்க்கரை என்று சொல்லியிருந்தார்களாம்.

"என்னென்னமோ செஞ்சு போடுவீங்களாமே அக்கா. எனக்குஞ் சொல்லிக் குடுங்க. வேலைக்கி வர்றதுக்குள்ள முடியற மாதிரி."

கோவிந்தம்மாள் சொல்லிக்கொடுத்தாள். சாமையை எந்தப் பக்குவத்தில் வறுப்பது, கொள்ளுக்குத் துணியை எத்தனை இறுக்கி முடிவது, ஒரே சட்டியில் கீழே சோறும் மேலே காயும் எப்படி வேகவைப்பது, கீரையை எப்போது போடுவது என்று நிதானமாக, எதையும் விடாமல் சொன்னாள். ஜான் பீ கவனமாகக் கேட்டாள். எல்லாம் கேட்டு முடித்துவிட்டு, "அவரு வெளிய தின்னுட்டு வர்ற ஆளுங்க. இதத் திங்க மாட்டேன்னுட்டா என்ன செய்யறதுங்கக்கா?" என்றாள்.

கோவிந்தம்மாள் இன்னொரு புளியை எடுத்துக் கொட்டையைத் தட்டினாள்.

"அது எனக்குத் தெரியலை ஜானு" என்றாள்.

ஜான் பீ அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, மறுபடி தன் இடத்துக்கு நகர்ந்துகொண்டாள்.